சேலைச் சீட்டின் இரண்டாம் வரி

ஜூலை 27, 2009. திங்கள்.

காற்று. மாடியில் காயப்போட்ட வீட்டுக்காரருடைய நீலச் சட்டை பறந்துபோய்ப் பக்கத்து விசைத்தறிக் கொட்டகைக் கூரைமேல். ஏணி வாங்கி எடுப்பதற்குள் எட்டரை. மறுபடி இஸ்திரி. இன்றைக்கென்று பார்த்து.

இவருக்கு இன்று நெசவாளர் சங்கத்தில் முதல் நாள். மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு வேலை. வேலை என்றும் சொல்ல முடியாது, சோதனை. அடுத்த வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. அதுவரை போனை எடுத்துச் சரியாகப் பதில் சொன்னால் நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

வெளியூரிலிருந்து பட்டுச்சேலை கேட்டுக் கூப்பிடுவார்கள். சங்கத்தின் வெப்சைட்டைத் திறந்து எது இருக்கிறது, என்ன விலை என்று சொல்ல வேண்டும். கண் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். இவருக்குக் கம்ப்யூட்டர் படித்துக் காட்டும், ஹெட்போனில் கேட்டுச் சொல்ல வேண்டும். வெப்சைட் நான் செய்தது. இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஊரில் அது ஒரு கெத்துதான், என் நோட்டில் நானே ஏன் பொய் எழுத வேண்டும்.

முதல் நாள் என்பதால் செயலாளர் என்னையும் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இவர் ஹெட்போனைக் கழற்றி என் காதில் ஒரு பக்கம் வைத்தார். பேச்சாகவே இல்லை, அவ்வளவு வேகம். எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். என்ன சொல்கிறது என்று கேட்டேன்.

"உன் பக்கத்தைத்தான் படிச்சிகினு இருந்துச்சு. முடிச்சிடுச்சு," என்றார்.

நான் மூன்று மாதம் உட்கார்ந்து செய்த பக்கம். ஒரு நிமிடம் ஆகவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். மருந்துக் கம்பெனிக்காக வந்தவாசி, தேசூர், வெம்பாக்கம் என்று பைக்கில் அலைந்த மனிதர். சர்க்கரை கண்ணைத் தின்ற பிறகு சென்னையில் ஆறு மாதம் பயிற்சிக்குப் போனார். அங்கிருந்து போன் செய்தால் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் பேசுவார். திரும்பி வந்ததிலிருந்து வீட்டில் ஹெட்போனைக் கழற்றுவதே இல்லை. பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். இதையா கேட்டுக்கொண்டிருந்தார்?

கேஸ் சிலிண்டர் பதிவு. இவர் மாத்திரை, இரண்டு அட்டை. சங்கத்து மேசைக்கு ஒரு ஸ்டூல் கேட்க.

ஜூலை 28, செவ்வாய்.

வெயில். நாலு மணிக்குமேல் தூறல்.

மூன்று மணிக்குச் செயலாளர் போன். நேரில் வரச் சொன்னார், உடனே. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

நடந்தது இது. சிங்கப்பூரிலிருந்து ஓர் அம்மா. மாம்பழ மஞ்சள் சேலை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இவர் கேட்டுப் பார்த்துவிட்டு, விற்றுப்போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவோ அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறார். மாம்பழ மஞ்சள், விலையோடு, இருப்போடு, கண்ணெதிரே. உங்களுக்கு என்ன, கண் தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறார்.

"ஆமாங்கம்மா, தெரியாது," என்றாராம் இவர்.

கிண்டல் என்று எடுத்துக்கொண்டு அந்த அம்மா போனை வைத்துவிட்டார். அடுத்த நிமிடம் செயலாளருக்குப் புகார்.

செயலாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். "பரவால்லம்மா கீதா, புதுசு இல்ல, போகப்போகப் பழகிடுவாரு. ஆனா கமிட்டியில கேப்பாங்க. நான் இன்னா சொல்றது?" என்றார். இவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கண் தெரியாதவருக்குக் காதும் கேட்காது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

வீட்டுக்கு வந்து நாலு சப்பாத்தி போட்டேன். ஒன்றரை சாப்பிட்டார். எப்படி ஆயிற்று என்று கேட்டதற்கு, "பேர் மட்டும்தான் இருந்துச்சு. கீழ ஒண்ணும் இல்ல. வித்துப்போச்சுன்னு நெனச்சேன்," என்றார்.

பெயர் மட்டும் எப்படி இருக்கும்? நான்தானே போட்டேன். இரண்டு வரி, படம், விலை எல்லாம் இருக்கிறது.

ஜூலை 29, புதன்.

காலை ஆறு மணிக்கே பக்கத்தின் உள்பக்கத்தை, நான் எழுதிய குறிகளை, திறந்து பார்த்தேன். காபி ஆறிப்போனது.

தப்பு என்னுடையது.

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன், எனக்கே புரிய. வெப் பக்கத்தில் எழுத்தைச் சும்மா பெரிதாக்குவது வேறு, 'இது தலைப்பு' என்று குறி போடுவது வேறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கேட்கிறவருக்கு அந்தக் குறிதான் வழி. ஒரு பொத்தானைத் தட்டினால் அடுத்த தலைப்பில் போய் நிற்பார்கள். அந்தக் குறிகளில் எச்-1 பக்கத்தின் பெயருக்கு, எச்-2 அதற்குள்ளே ஒவ்வொரு சரக்குக்கும். இப்படி ஆறு வரை இருக்கிறது.

எங்கள் சங்கத்தில் ஒவ்வொரு சேலையின் மடிப்பிலும் ஒரு சீட்டு தைத்திருக்கும். மேல் வரியில் உடல் நிறம், கீழ் வரியில் கரை. இரண்டும் ஒரே அளவு எழுத்து. எதையும் சிறியதாக எழுத மாட்டார்கள். உடலைச் சொல்லிக் கேட்பவர்கள் பாதி, கரையைச் சொல்லிக் கேட்பவர்கள் பாதி. அந்தச் சீட்டை அப்படியே பக்கத்தில் ஏற்றினேன். 'மாம்பழ மஞ்சள்' ஓர் எச்-2. அதற்குக் கீழே 'அரக்கு கரை' இன்னோர் எச்-2. அதற்கப்புறம் படமும் விலையும். பார்க்க அச்சு அசல் சீட்டு மாதிரியே இருந்ததில் எனக்கு அப்போது ஒரே சந்தோஷம்.

இவருக்கு என்ன கேட்டிருக்கும்? மாம்பழ மஞ்சள் என்று ஒரு சேலை, கீழே எதுவும் இல்லை. அரக்கு கரை என்று இன்னொரு சேலை, விலையோடு. விற்றுப்போன சேலைக்குப் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுவது எங்கள் சங்கத்து வழக்கம். அதை இவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆகவே மாம்பழ மஞ்சள் விற்றுப்போயிற்று. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் எழுதியதை எழுதியபடியே கேட்டிருக்கிறார்.

உடனே செயலாளரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குழுவில் ஒருவர் ஆறு மாதமாகச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு இந்த வெப்சைட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று நச்சரிக்கிறார். வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பது அவர் கட்சி. இது தெரிந்தால் அவர் வாயில் சர்க்கரை போட்ட மாதிரி. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் போயிற்று.

மதியம் தனத்துக்குப் போன். கல்லூரியில் என் பெஞ்சு. ஊர் ஆரணிதான், இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் வெப் பக்கம்தான் வேலை. கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தாள், அப்புறம் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"ரெண்டாவது வரி தலைப்பே இல்லடி. துணைத்தலைப்பு. அதை எச்-2லேர்ந்து எடுத்துட்டு சும்மா ஒரு பாராவா போடு. முடிஞ்சிது."

கரையைப் பாராவாகப் போட முடியாது என்றேன். கரை என்ன, துணுக்குச் செய்தியா? கால் மணி நேரம் சண்டை. கடைசியில் அவள், "நீயும் நானும் மட்டும் இல்லடி. வெப் பக்கத்துக்குப் புது விதி, புது எச்.டி.எம்.எல் எழுதிகினு கீறாங்க இல்ல, அவங்களும் இதையேதான் பேசிகினு கீறாங்க. லிங்க் அனுப்புறேன், போய்ப் படி," என்றாள்.

ஜூலை 30, வியாழன்.

மின்வெட்டு 10 முதல் 12. யு.பி.எஸ். பதினைந்து நிமிடத்தில் கை விரித்துவிட்டது.

தனம் அனுப்பிய மின்னஞ்சல் குழுவைப் படித்தேன். யார் வேண்டுமானாலும் சேரலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம், எல்லோரும் எழுதியது எல்லோருக்கும் தெரியும். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள். ஒருவர் அவருடைய காலையில் எழுதுகிறார், இன்னொருவர் அவருடைய மாலையில் மறுக்கிறார்.

விஷயம் என்ன? தலைப்புக்குக் கீழே வரும் அந்த ஒரு வரி. அதற்குத் தலைப்பு என்ற மரியாதை உண்டா, இல்லையா. இது ஒன்றுதான். பக்கம் பக்கமாக.

புரிந்துகொண்டவரை:
ஒரு கட்சி, இரண்டு வரியையும் சேர்த்துக் கட்ட ஒரு புதுக் குறி வேண்டும் என்கிறது. கட்டுக்குள்ளே எத்தனை வரி இருந்தாலும் வெளியே எண்ணிக்கை ஒன்று.
இன்னொரு கட்சி தனம் கட்சி. பாரா.
மூன்றாவது, இரண்டு வரியையும் ஒரே தலைப்புக்குள் போடு, புதுக் குறி எதற்கு என்கிறது.
நான்காவது கட்சி, இதைப் பற்றிப் பேசினது போதும் என்கிறவர்கள். அவர்கள்தான் நீளமாக எழுதுகிறார்கள்.

என்ன மனிதர்கள் இவர்கள். இதனால் யாருக்கும் ஒரு லாபமும் கிடையாது. ஒரு புத்தகத்தின் பெயரையும் அதன் கீழ் வரியையும் எடுத்துவைத்துக்கொண்டு இப்படிப் போட்டால் கேட்கிறவருக்கு என்ன ஆகும், அப்படிப் போட்டால் என்ன ஆகும் என்று ஆராய்கிறார்கள். கேட்கிறவருக்கு. அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அந்தப் பக்கத்தைச் செய்தபோது கேட்கிறவர் என்று ஒருவர் இருப்பார் என்றே நினைக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருந்தும்.

சமையல் தாமதம். ரசம், அப்பளம். சங்கத்தில் இன்று ஆறு போன், எல்லாம் சரி.

ஜூலை 31, வெள்ளி.

காற்று குறையவே இல்லை. வீடு முழுக்க மண்.

தனம் சொன்னபடி செய்துவிட்டேன். கீழ் வரிகள் எல்லாம் பாரா. மொத்தம் நாற்பது சேலை. சாயங்காலம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இவரைக் கேட்கச் சொன்னேன். கொஞ்சம் மாற்றியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. இவரும் ஏன் என்று கேட்கவில்லை.

தலைப்புகளை மட்டும் வரிசையாகச் சொல்லச் சொல்லி ஒரு பொத்தான் இருக்கிறது. கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே தெருவில் போகிற மாதிரி. எனக்காக ஹெட்போனைக் கழற்றி, வேகத்தைக் குறைத்து, ஸ்பீக்கரில் விட்டார். அமெரிக்கக் குரல். ஆங்கில எழுத்தில் போட்ட மாம்பழ மஞ்சளை 'மாம்பஸா மாஞ்சல்' என்கிறது. ஐந்து முறை சொன்னது. மாம்பஸா மாஞ்சல், மாம்பஸா மாஞ்சல்.

எங்களிடம் ஐந்து மாம்பழ மஞ்சள் உண்டு. கரைதான் வேறு வேறு. அரக்கு, பச்சை, மயில்கழுத்து, ஊதா, சிவப்பு. கரை பாராவுக்குள் போய்விட்டதால் வரிசையில் வரவில்லை.

"அஞ்சு ஸ்டாப்பிங்குக்கும் ஒரே போர்டு மாட்டி வச்ச மாதிரி கீது. எங்கன்னு எறங்கறது?" என்றார்.

தனம் கட்சி தோற்றது. போன் செய்து சொன்னேன், கொஞ்சம் சந்தோஷமாகவே.

ஆகஸ்ட் 1, சனி.

சங்கம் அரை நாள். இவர் இரண்டு மணிக்கே வீட்டில்.

மூன்றாவது கட்சி. இரண்டு வரியும் ஒரே எச்-2க்குள். மேல் வரி, ஒரு காற்புள்ளி, கீழ் வரி. பார்ப்பவர்களுக்கு அதே இரண்டு வரியாகத் தெரியும்படி நடுவில் ஒரு வெட்டு. புதுக் குறி வந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை இவருடைய மென்பொருள் புரிந்துகொள்ள எத்தனை வருடமோ. வியாழக்கிழமையே சங்கத்துக் குழு.

தனம் ஒத்துக்கொள்ளவில்லை. தலைப்பு அனுமார் வால் மாதிரி நீளும் என்றாள். நீளட்டும், எங்கள் சீட்டே அப்படித்தான் என்றேன். இந்த மாதிரி நேரத்தில் தனம் அமைதியாகிவிடுவாள், அப்படியென்றால் யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

இவர் கேட்டார். பிறகு நான் சோதிக்க ஆரம்பித்தேன். பச்சைக் கரை எத்தனை? நான் கேட்டு முடிக்கவும் இவர் ஏழு என்று சொல்லவும் சரியாக இருந்தது. எந்தெந்த உடலில்? சொன்னார். மயில்கழுத்துக் கரையில் விலை குறைந்தது? சொன்னார். நான் மௌஸை வைத்து மேலும் கீழும் உருட்டிச் சரிபார்ப்பதற்குள் இவர் அடுத்த கேள்விக்குக் காத்திருக்கிறார். நான்தான் மெதுவான ஆள்.

இவர் தூங்கியபின் நானும் ஒருமுறை செய்து பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி, ஹெட்போன் மாட்டி. மிக மெதுவான வேகம். மூன்றாவது சேலையிலேயே எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. பயமாகிவிட்டது, உண்மையாகவே. கண்ணைத் திறந்தேன். திறந்தால் சரியாகிவிடுகிறது எனக்கு.

பக்கத்துத் தறி இன்று ஓடவில்லை. அந்த அமைதியே காதில் அடிக்கிறது.

ஆகஸ்ட் 3, திங்கள்.

ஆடிப் பதினெட்டு. எலுமிச்சை சாதம், புளிசாதம், தயிர்சாதம், வடகம். தாலிக்கயிறு மாற்றினேன். இவர் கையால் தடவிப் பார்த்து முடிச்சைச் சரிசெய்தார்.

நேற்று முழுவதும் ஒரு மின்னஞ்சல் எழுதினேன், தனம் காட்டிய அந்தக் குழுவுக்கு. எட்டு வரி. ஆங்கிலத்தில் எட்டு வரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. எங்கள் ஊர்ச் சேலைச் சீட்டைப் பற்றி, இரண்டு வரி, இரண்டுக்கும் சம மரியாதை, எதையும் துணை என்று தள்ள முடியாது என்பது பற்றி. இரண்டு தலைப்பாகப் போட்டேன், என் தப்பால் என் கணவர் ஒரு வாடிக்கையாளருக்குத் தவறான பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பாராவாகப் போட்டேன், ஐந்து சேலை ஒன்றாகிவிட்டது. ஒரே தலைப்புக்குள் போட்டேன், இப்போது என்னைவிட அவர் வேகம்.

இன்று காலை பத்து மணிக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பியதும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். யாரோ அடித்துவிடப் போகிறார்கள் என்பது மாதிரி.

ஆகஸ்ட் 4, செவ்வாய்.

மேகம், மழை இல்லை.

பதில் வந்திருக்கிறது. இரண்டு. ஒருவர் நன்றி சொல்லி, நாங்கள் புத்தகத்தையும் செய்தித்தாளையும் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எழுதியிருக்கிறார். மற்றவர் பார்வை இல்லாதவர். அவரே சொல்கிறார். உங்கள் கணவருக்கு அந்தக் காற்புள்ளியில் வரும் சின்ன இடைவெளி போதுமானதாக இருக்கிறதா என்று கேட்கிறார். காற்புள்ளி இடைவெளி. உலகத்தின் மறுகோடியில் ஒருவர் ஆரணியில் ஒரு சேலையின் உடலுக்கும் கரைக்கும் நடுவில் எவ்வளவு மூச்சு விட வேண்டும் என்று விசாரிக்கிறார். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன்.

இவரிடம் படித்துக் காட்டினேன், பதில்களை மட்டும். போதும், சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

அப்புறம்தான் உறைத்தது. முகம் தெரியாத அத்தனை பேருக்கு 'என் தப்பால்' என்று சுலபமாக எழுதிவிட்டேன். இதே ஊரில் இருக்கும் சங்கத்தில் இன்னும் அது இவர் தப்பு.

ஆகஸ்ட் 5, புதன்.

மின்வெட்டு 2 முதல் 4. இட்லி மாவு புளித்துவிட்டது, தோசை.

சங்கத்துக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று. செயலாளர் மேசையில் நாளைய கூட்டத்தின் தாள்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். சிங்கப்பூர் அம்மா விஷயம் குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இவரை அனுப்ப அவருக்கு மனமில்லை. போன் வேண்டாம், வேறு ஏதாவது உட்கார்ந்த வேலை, நூல் கட்டு எண்ணுவது மாதிரி, தருவதாகக் குழுவில் பேசிப் பார்க்கிறாராம்.

நூல் கட்டு எண்ணுவது. அந்த வேகத்தை வைத்துக்கொண்டு.

அப்போதுகூடச் சொல்லவில்லை. சென்னைக் கம்பெனிக்குக் கொடுக்கச் சொல்லும் அந்தக் குழு உறுப்பினர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். இதை எழுதும்போதும் அப்படித்தான்.

நாளை: இவர் நீலச் சட்டை. நான் போக வேண்டும், கம்ப்யூட்டரை ஹாலில் மாட்டித்தர.

ஆகஸ்ட் 6, வியாழன்.

காற்று இல்லை. புழுக்கம்.

கூட்டம் பதினோரு மணி. தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். கம்ப்யூட்டரை மாட்டிவிட்டுக் கதவோரம் நின்றேன். இவரைக் கேள்வி கேட்டார்கள். ஊதாக் கரை, பச்சை உடல், ஆறு கெஜம், ஒன்பது கெஜம். ஒவ்வொன்றுக்கும் உடனே பதில். தலைவர் பழைய தறிக்காரர், அவரே சேலைச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்துப்பார்த்தார். ஒன்றும் தப்பவில்லை.

"நல்லாத்தான் சொல்றாரு. அப்புறம் அன்னிக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

செயலாளர், அன்று இவருக்குப் பழக்கம் போதவில்லை, இரண்டாம் நாள்தானே என்று ஆரம்பித்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்கிற மாதிரி அசைத்தார். ஆமாம் என்று. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அவரு மேல தப்பு இல்லீங்க. பக்கம் செஞ்சது நான். தப்பு என் மேல," என்றேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

சீட்டை வாங்கிக் காட்டினேன். இரண்டு வரி, இரண்டு தலைப்பு, கேட்கிறவருக்கு ஒரு சேலை இரண்டாகிவிடும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. நாலைந்து முறை திக்கினேன். கம்பெனிக் கட்சிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு வருடமாகத் தப்பாகவா இருந்தது, யாரும் சொல்லவில்லையே என்று தலைவர் கேட்டார்.

பதில் இவர் சொன்னார். "இதுக்கு முன்னாடி காதால படிச்சவங்க யாரும் வரலீங்க."

அப்புறம் தலைவர் சீட்டை மேசைமேல் வைத்தார். போன் வேலை இவருக்கே, இன்று முதல் நிரந்தரம். அதோடு, இனி வெப்சைட்டில் எந்தப் பக்கம் ஏறினாலும் இவர் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். கம்பெனிக் கட்சிக்காரர் அப்படியானால் பக்கம் செய்வது யார் என்று இழுத்தார். இதுவரை செய்த பெண்ணே செய்யட்டும், தப்பை ஒத்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது என்று தலைவர் எழுந்துவிட்டார்.

ஆக என் வேலைக்கு இனி என் வீட்டுக்காரர் கையெழுத்து. இதற்கு அழுவதா சிரிப்பதா.

தனத்துக்குச் சொன்னேன். அவள் கம்பெனியில் இரண்டு பக்கங்களில் அவளும் ஒரே தலைப்பாக மாற்றிவிட்டாளாம். போன வாரமே. சொல்லவில்லை கள்ளி.

ஆகஸ்ட் 7, வெள்ளி.

விடியலில் மழை, ஐந்து நிமிடம்.

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. எழுத வரவில்லை.

கூட்டம் முடிந்து வண்டியில் வந்துகொண்டிருந்தோம். நான் ஓட்ட, இவர் பின்னால். நான்தான் ஆரம்பித்தேன். உங்களிடம்கூட மறைத்துவிட்டேன், எட்டு நாளாக, மன்னித்துவிடுங்கள் என்றேன். இவர் சிரித்தார். தெரியும் என்றார். அந்த அம்மா போனை வைத்த ஐந்தாவது நிமிடம், பக்கத்தின் உள்பக்கத்தைத் திறந்து கேட்டிருக்கிறார். இரண்டு எச்-2, அடுத்தடுத்து. அப்போதே.

அப்படியானால் செயலாளர் பேசும்போது ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள், கூட்டத்தில்கூட ஏன் தலையை ஆட்டினீர்கள் என்று கத்தினேன். நடுரோட்டில்.

"சொன்னா சைட்ட உன்கிட்டேர்ந்து புடுங்கிடுவாங்க கீதா. எனக்கு வேல இல்லாம குந்திகினு இருந்து பழக்கம் கீது. உனக்கு அது தெரியாது. தெரியவும் வேணாம்."

பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கவில்லை. இவர் கை என் தோளில் இருந்தது, எடுக்கவில்லை. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.